அனுபவப் பகிர்வு: ‘வெளி’ (space) பற்றிப் படித்தது நேரில் வந்து நின்ற கணம்

தெருவோரம்
புவியியலாளர் டோரின் மாசி, கில்பர்ன் என்ற லண்டன் தெருவை வைத்து ‘இடம்’ என்றால் என்ன என்று எழுதிய கட்டுரை (1991) இங்கே எல்லோரும் படித்ததுதானே, நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதுகலை முதல் பருவத்தில் அதை அச்செடுத்துக்கொண்டு லண்டன் கில்பர்ன் ஹை ரோட்டுக்குப் போனேன். சேலைக் கடை, தலைக்கு மேல் விமானம் என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்கத்தான். பேப்பர் கடை பாக்கி. வளைகுடாப் போர் சமயத்தில் ‘சன்’ பத்திரிகையை மனமில்லாமல் விற்கும் முஸ்லிம் ஒருவர் கட்டுரையில் வருவாரே, அது.

தோழியோடு போனில் பேசிக்கொண்டே ஒரு கடைக்குள் நுழைந்தேன். போனை வைத்துவிட்டு, கல்லாவில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் “இந்தத் தெரு உங்களுக்கு என்ன மாதிரி இடம்?” என்றேன். பத்திரிகைக் கட்டின் பிளாஸ்டிக் நாடாவைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “பிள்ளை, முதல்ல நீங்கள் எந்த ஊர் எண்டு சொல்லுங்கோ.”

இடத்துக்கு வேர் கிடையாது, உறவுகள் வந்து முடிச்சிடும் புள்ளிதான் என்று பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தவள் நான். “திருநெல்வேலி” என்றேன். ஆறு மாதக் குழந்தையாக விட்டு வந்த ஊர்! அவர் தலையாட்டிவிட்டு நாடாவை அறுத்தார். அவர் எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை.

இருபதாம் வட்டாரம்
என் சித்தப்பாவின் தகனம் பாரிஸின் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1967இல் கட்டடக்கலைஞர்கள் முன் பேசிய ‘வேற்றிடம்’ (heterotopia, சமூகத்துக்குள்ளேயே இருந்தும் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டு நிற்பது) உரையில் கல்லறை வருமே: ஊர் நடுவே, தேவாலயத்தை ஒட்டி இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வெளியே போனது. பேர் லாஷேஸ் 1804இல் திறந்தபோது அதுவும் நகருக்கு வெளியேதான். 1860இல் பாரிஸ் வளர்ந்து வந்து அதை விழுங்கிவிட்டது. தள்ளிவைத்ததும் நகரம், துரத்திப் போனதும் நகரம்.

சரி, கதை. வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு தகனக் கூடத்து வாசலில் நிற்கிறோம். உள்ளே யாருடைய போனிலோ தேவாரம். ஒரு பொடியன் வரைபடத்தை விரித்துக்கொண்டு வந்து “ஜிம் மோரிசன் எங்கே?” என்றான். அங்கே புதைக்கப்பட்ட ராக் பாடகர். அவன் வந்திருந்தது முழுக்கத் தப்பான பக்கம். அவன் வரைபடத்தில் நான் நின்ற இடம் வெறும் ஒரு திருப்பம். திருநீறு பூசிய கையை நீட்டி வழி காட்டினேன். திரும்பிப் பார்த்தால் கதவு சாத்தியிருந்தது.

அகராதிப்புழு
தெருவோரம், மாசி வேரே கூடாது என்று எங்கே சொன்னார்? ஊர்ப்பற்று என்றாலே பிற்போக்கு என்று ஒதுக்கவேண்டியதில்லை, வெளியுலகைப் பார்த்துத் திறந்த ஊர்ப்பற்றும் இருக்கலாம் என்றவர் அவர். கடைக்காரர் உங்களைவிட மாசியை நன்றாகப் படித்திருக்கிறார்!

என் அனுபவம் சின்னது. இடம், வெளி பற்றி இரண்டு பேர் எழுதியதன் என் மொழிபெயர்ப்பை ஒரு கூட்டத்தில் வாசித்தேன். பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, மூணாம் பக்கத்துல பழகுனா இடம்ங்கிறே. ஏழாம் பக்கத்துல நடந்தா வெளிங்கிறே. நான் பழகுன வீட்டுக்கு நடந்து போனா?” என்றார். மேடையில் தண்ணீர் குடித்தேன்.

தவறு என்னுடையதுதான். புவியியலாளர் யீ-ஃபூ துவானுக்கு (1977) முன்பின் தெரியாதது வெளி, பழகப் பழக அது இடமாகும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் த செர்த்தோவுக்கு (1980) எல்லாம் அதனதன் இருப்பில் ஆடாமல் கிடந்தால் இடம், ஆட்கள் நடந்து புழங்கினால் அதுவே வெளி. அம்பு அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. இதைச் சொல்லாமல் இரண்டு பேருக்கும் ஒரே சொற்ஜோடியைப் போட்டிருந்தேன். எனவே யாருடைய ‘வெளி’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று, பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் தெலூஸ்–குவாத்தாரியின் smooth spaceஐ ‘வழுவழுப்பான வெளி’ என்று எழுதுகிறவர்களுக்கு: அவர்கள் காட்டும் உதாரணம் ஃபெல்ட், தொட்டால் சொரசொரக்கும். அதற்கு எதிரான ‘வரியிட்ட வெளி’க்கு (striated space) உதாரணம் நெய்த துணி: ஊடும் பாவும் உண்டு, அகலத்தைத் தறி முடிவு செய்துவிடும். ஃபெல்ட் கம்பளி இழைகளை அமுக்கிச் செய்வது, எந்தப் பக்கமும் வளரலாம். கைக்கு வழுக்குகிறதா என்பதல்ல அங்கே பேச்சு. நான் ‘வரியற்ற வெளி’ என்று போடுகிறேன். நீங்களும் போடுங்கள்.

புளோக்வாசி
யாரும் கேட்காத வகுப்புக்கு நன்றி. திரி அனுபவத்துக்கானது.

சிங்கப்பூர். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், அதாவது வாய்ட் டெக், வேண்டுமென்றே காலியாக விட்டது. ஒரு சனிக்கிழமை மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் சீனர் வீட்டுச் சாவு. இது திட்டம் போட்டவர்களுக்கும் தெரிந்ததுதான். அவர்களுக்குத் தெரியாதது: ‘பந்து விளையாடக் கூடாது’ பலகை. பையன்கள் அதையே ஒரு பக்கக் கோல் கம்பமாக வைத்திருந்தார்கள், மறுபக்கம் ஒரு செருப்பு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் லெஃபெவ்ர் (1974) சொன்ன மூன்று வகை வெளிகளில், திட்டம் போடுபவர்கள் வரைந்த வெளி எது, ஆட்கள் வாழும் வெளி எது என்று அதற்கு முன் எத்தனை முறை மனப்பாடம் செய்திருப்பேன்! பந்து பலகையில் பட்டு ‘டங்’ என்றபோதுதான் புரிந்தது. அது கோலா இல்லையா என்று அரைமணி நேரம் சண்டை.

பாலைக்கலி
அகப்பாட்டுக்கு அடிப்படையான முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியர் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டார். இதற்கு கில்பர்ன் வரை போகவேண்டுமா?

அகராதிப்புழு
போகவேண்டும். அதே தொல்காப்பிய அகத்திணையியலில் திணை, அதாவது ஒழுக்கம், மயங்கலாம் (ஒன்றோடொன்று கலக்கலாம்), நிலம் மயங்காது என்கிறார். மாசியின் தெருவில் நிலமேதான் மயங்குகிறது. வேண்டுமானால் இதற்குத் தனித் திரி போடுகிறேன்.

பாலைக்கலி
வேண்டாம். தெருவோரம், அந்தக் கடைக்கு மறுபடி போனீர்களா?

தெருவோரம்
வாரம் ஒருமுறை பால் வாங்கப் போகிறேன். “திருநெல்வேலிப் பிள்ளை” என்றுதான் கூப்பிடுகிறார். இன்னும் கேட்கவில்லை.