புதுப்பிப்பு: பளபளத்த அந்த 1803 சென்ட்

பளபளக்கும் 1803 அமெரிக்க லார்ஜ் சென்ட்டை (அந்தக் காலத்துப் பெரிய ஒரு சென்ட் செம்புக் காசு) வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? வாங்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். யாரோ தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். இருநூறு வருடச் செம்பு சாக்லேட் பழுப்பாக இருப்பதுதான் இயல்பு. புதிதாக அச்சடித்தபோது இருந்த சிவப்பு மிஞ்சினாலும் எழுத்துகளின் ஓரத்தில், கை படாத பள்ளங்களில்தான் மிஞ்சும். இதிலோ தேய்ந்த மேடுகள்கூட இளஞ்சிவப்பு!

தரம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: காசின் தரத்துக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் தரும் ஷெல்டன் அளவுகோல் 1949இல் இந்த சென்ட்டுகளுக்காகவே உருவானது. ஆனால் கழுவிய காசுக்கு, விவரம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், செம்புக் காசு சேகரிப்பாளர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள்.

அப்புறம், அதே பணத்தில் 1802 ஒன்று வாங்கினேன். தேய்மானம் அதிகம், ஆனால் பழுப்பு அசல்.