நெட்ஹேக் கடைகளில் உங்களுக்கு என்ன நடந்தது? – அனுபவப் பகிர்வு

கம்பம்மெட்டுக்காரன்

நம் பக்கத்தில் நெட்ஹேக் ஆடுகிறவர்கள் கம்பத்தில் இரண்டு பேர், குமுளியில் மூன்று பேர் என்று சிதறிக் கிடக்கிறோம். எல்லாரும் ஒரே இடத்தில் கடைக் கதைகளை எழுதினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சண்டைக் கதை வேண்டாம். கடைக்குள் நடந்தது மட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: இது 1987இல் வெளிவந்த இலவசக் கணினி விளையாட்டு. சுரங்கத்தின் தளங்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக உருவாகும். செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திரையில் எல்லாமே எழுத்துகள். நாம் ஒரு @, கடைக்காரரும் ஒரு @. ஒரே ஒரு கதவு உள்ள, படிக்கட்டு இல்லாத அறைதான் கடையாக மாறும். முதல் தளத்தில் கடை வராது. இரண்டு, மூன்று, நான்கு என்று மேல்தளங்களில்தான் வாய்ப்பு அதிகம். கீழே போகப் போகக் குறையும்.

என் கதை பிக்காசுக் கதை. கையில் பிக்காசு இருந்தால் கடைக்காரர் வாசலிலேயே நின்றுகொள்வார், அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார். குமுளி சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிப் பழகிய எனக்கு அது இயல்பாகவே பட்டது. ஆனால் பிக்காசை ஒரு சாக்குப் பைக்குள் போட்டுவிட்டால் அவர் கண்ணில் படாது என்பதைக் கண்டுபிடித்தேன். உள்ளே போனேன். வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டேன். கடையின் கடைசி மூலைக்குப் போய், பிக்காசை வெளியே எடுத்துத் தரையைத் தோண்ட ஆரம்பித்தேன். ‘பார்த்து ஐயா, தரை வழியே விழுந்துவிடப் போகிறீர்கள்’ என்று மரியாதையாகத்தான் எச்சரித்தார். நான் நிறுத்தவில்லை. குழி விழுந்த அதே கணம், ஆறேழு கட்டம் தள்ளி நின்றவர் ஒரே தாவாகத் தாவி என் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் போய் விழுந்தபோது உடம்பில் போட்டிருந்த கவசமும் கையில் பிடித்திருந்த பிக்காசும்தான் மிச்சம். கடையில் எடுத்தது மட்டுமல்ல, நான் ஐந்து தளமாகச் சேர்த்த சாப்பாடு, மருந்து, ஸ்க்ரோல் (படித்தால் மந்திரம் நடக்கும் சுருள்) எல்லாம் போயிற்று. சிப்பாய் எறும்புகள் இரண்டு வந்தன, கதை முடிந்தது. அந்த ஆட்டத்துக்கு மூன்று ராத்திரி செலவழித்திருந்தேன்.

ஏலக்காட்டான்

கம்பம்மெட்டு அண்ணே, நல்ல வேலை செய்தீர்கள். நான் அணக்கரைப் பக்கம். வீட்டில் ஏலக்காய் வியாபாரம். அதனால் எனக்கு இந்த விளையாட்டில் கடைதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

பலர் நெட்ஹேக் கடையைச் சரக்கு வாங்கும் இடமாகப் பார்க்கிறார்கள். நான் சரக்கு இன்னதென்று தெரிந்துகொள்ளும் இடமாகப் பார்க்கிறேன். இந்தச் சுரங்கத்தில் எந்த ஸ்க்ரோல் என்ன செய்யும் என்று வெளியே எழுதியிருக்காது. ஏதோ புரியாத தலைப்பு இருக்கும், அதுவும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். படித்துப் பார்த்தால் கவசம் தூளாகலாம், நெருப்புப் பிடிக்கலாம். ஆனால் கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டார், விலையைச் சொல்வார். அந்த விலையில் பொய் இருக்காது.

எங்கள் தொழிலிலும் இதுதான் நடக்கும். அப்பா காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு வாய் திறக்கவே மாட்டார். எதிரில் இருப்பவர் முதலில் ஒரு விலை சொல்லட்டும் என்று காத்திருப்பார். அவர் சொல்கிற விலையிலேயே எட்டு எம்எம் பருமனுள்ள நல்ல காயாக நினைக்கிறாரா, பழைய காயாக நினைக்கிறாரா என்பது வெளியே வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். நம் பாத்திரத்துக்கு வசீகரம் என்று ஒரு அளவு உண்டு. அது 11 முதல் 15 வரை இருந்தால் அடிப்படை விலை அப்படியே. 18க்கு மேல் போனால் பாதி. 5, அதற்கும் கீழே என்றால் இரண்டு மடங்கு. இது போக, என்னவென்று தெரியாத சில பொருள்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொல்வார். விற்கப் போனால் பாதி விலை தருவார். சில சமயம் மூன்றில் ஒரு பங்குதான். விற்கும்போது வசீகரத்துக்கு வேலை இல்லை.

போன மாதம் நான்காம் தளத்தில் ஒரு பொதுக் கடை. தரையில் ஒரு ஸ்க்ரோல், 80 ஸார்க்மிட் (இந்த ஆட்டத்தின் காசு) என்றார். என் வசீகரம் 12. இங்கேதான் குழப்பம். 80 அடிப்படை விலை என்றால் அது கவசத்தை வலுப்படுத்துவதாகவோ, சாபம் நீக்குவதாகவோ இருக்கும். 60 அடிப்படை விலை, மேலே 20 கூட்டியிருக்கிறார் என்றால் ஆயுதத்தை வலுப்படுத்துவது. தலைப்பு உள்ள ஸ்க்ரோல்களில் 60க்கு அது ஒன்றுதான் உண்டு. என்னிடம் அதே தலைப்பில் ஒரு ஸ்க்ரோல் ஏற்கெனவே இருந்தது. கீழே வைத்தேன். 40 தருகிறேன் என்றார். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன். 60 ரகமாக இருந்தால் 30 அல்லது 20 சொல்லியிருப்பார். 40 வரவே வராது. ஆக 80 ரகம். சாபம் நீக்குவதோ கவசத்துக்கானதோ, இரண்டில் எது வந்தாலும் நஷ்டமில்லை. கவசத்தைப் போட்டுக்கொண்டு படித்தேன், கவசம் மின்னியது. கவசத்துக்கானதுதான். கடையில் இருந்ததையும் காசு கொடுத்து வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. 20 ஸார்க்மிட் ஸ்க்ரோல் என்றால் யோசிக்கவே வேண்டாம். அடையாளம் காட்டும் ஸ்க்ரோல் அது ஒன்றுக்குத்தான் அந்த விலை. அதிகம் கிடைப்பதும் அதுதான்.

தேயிலைக்கொழுந்து

ஏலக்காட்டான் அண்ணா, இவ்வளவு கணக்கு எனக்கு வராது. வண்டிப்பெரியாறில் மழை பிடித்தால் இரண்டு நாள் கரண்ட் இருக்காது. லேப்டாப் பேட்டரி தீரும்வரை இதுதான் பொழுது. என் பூனைக் கதையைச் சொல்கிறேன்.

நாம் கடையில் ஒரு பொருளைத் தூக்கினால் கடைக்காரர் வாசலை அடைத்து நின்றுவிடுவார். ஆட்டத்தில் நம் கூடவே வரும் பூனை தூக்கினால் கண்டுகொள்ள மாட்டார். அது பொருளை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து போட்டால் நமக்குச் சொந்தம், காசு கிடையாது. கடைக்குள்ளேயே கதவை ஒட்டி அவர் நிற்கும் கட்டத்தில் போட்டாலும் அப்படித்தான். அதனால் நான் பூனையை உள்ளே விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே நின்றுகொள்வேன். பொறுமை வேண்டும். எடுக்கும், இரண்டு கட்டம் தள்ளிப் போடும், மறுபடி எடுக்கும். குட்டிப் பூனையால் கனமான கவசத்தை இழுக்க முடியாது, மோதிரம், ஸ்க்ரோல் மாதிரி சின்னச் சாமான்தான்.

அன்றைக்கு ஒரு மந்திரக்கோலைக் கொண்டுவந்து போட்டது. அதை வைத்துத் தரையில் எழுதிப் பார்த்தேன். சரளைக்கல் தெறித்தது. தோண்டும் கோல்! அப்புறம் ஏழாம் தளத்தில் எதிரிகள் நாலு பக்கமும் வளைத்துக்கொண்டபோது, கோலைக் கீழ்நோக்கி ஒரு தடவை பயன்படுத்தினேன். தரை திறந்தது, தப்பித்தேன். பூனை மேலேயே தங்கிவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் இருந்திருந்தால் கூடவே வந்திருக்கும். இன்னும் மனசு ஆறவில்லை.

புளியரை வளைவு

நான் செங்கோட்டைப் பக்கம். இவ்வளவு தூரத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம்தானே?

என் அனுபவம் சின்னது. கடையில் ] என்று ஒரு குறி தெரிந்தது. ‘விசித்திரப் பொருள்’ என்று காட்டியது. அபூர்வமான ஏதோ என்று ஆசையாகப் போய் முட்டினேன். அது பொருளே இல்லை, மிமிக். சரக்கு மாதிரி உருமாறிக் கிடக்கும் பிராணி. தொட்டதும் ஒட்டிக்கொண்டது, நகர முடியவில்லை. மூன்று முறை அடித்தது, தீர்ந்தது. கடைக்காரர் பக்கத்திலேயே நின்றார், விரலைக்கூட அசைக்கவில்லை. கடைக்குள் செத்தால் நம் சாமானெல்லாம் அவருக்கே. இப்போதெல்லாம் ] தெரிந்தால் அந்த வரிசைக்கே போவதில்லை.

கம்பம்மெட்டுக்காரன்

புளியரை தம்பி, தாராளமாக வாங்க. பூனைக் கதை படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, தங்கச்சி.

நான் பிக்காசுத் திருட்டை விட்டதற்குக் காரணம் எறும்பு அல்ல, மைன்டவுன் விளக்குக் கடை. ஐந்து முதல் எட்டாம் தளத்துக்குள் எங்காவது வரும் அந்தச் சின்ன ஊரில் விளக்கும் மெழுகுத்திரியும் விற்கும் கடை பெரும்பாலும் இருக்கும். மற்ற கடைக்காரர்களின் பெயர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இவர் பெயர் எப்போதும் இஸ்ஹாக் மட்டுமே. நெட்ஹேக்கை உருவாக்கிய குழுவில் இருந்த இஸ்ஹாக் மில்லரின் பெயர் அது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர், 1994இல் இறந்துபோனார். கூட இருந்த குழுவினர் அவருக்கு ஒரு விளக்குக் கடை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவரிடம் நான் கைவைத்ததில்லை. ஆட்டத்தை முடிக்க ஒரு மெழுகுத்திரித் தண்டில் ஏழு திரிகள் ஏற்ற வேண்டும். கொழுப்புத் திரியின் அடிப்படை விலை 10, தேன்மெழுகுத் திரிக்கு 20. போன வாரம் மைன்டவுன் வந்ததும் பிக்காசை அவர் கதவுக்கு வெளியே கீழே வைத்தேன். உள்ளே போய் ஏழு திரிகளைப் பொறுக்கி, சொன்ன விலையைக் கொடுத்தேன். வெளியே வந்து பார்த்தேன், பிக்காசு வைத்த இடத்திலேயே கிடந்தது. இப்போது பன்னிரண்டாம் தளத்தில் இருக்கிறேன். திரிகள் ஏழும் பத்திரமாக இருக்கின்றன.