புதுப்பிப்பு: பால் எல்வ்ஸ்ட்ரோம், மகளுடன் ஓட்டிய படகு

டென்மார்க்கின் பாய்மரப் படகோட்ட வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் (1928–2016) 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் தொடர்ந்து தங்கம் வென்றதை இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அவருடைய குடும்பத்தைப் பற்றிச் சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

அவருக்கு நான்கு மகள்கள். இளையவரான டிரீனேயைத் துணையாகக் கொண்டு, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், தமது 56ஆம் வயதில், டொர்னாடோ எனப்படும் இரட்டை உடல் படகில் அவர் போட்டியிட்டார். கம்பியில் தொங்கியபடி உடலைக் கடலின் மேல் நீட்டிப் படகு கவிழாமல் காப்பது துணையாளரின் வேலை. காற்று வலுக்கும்போது முதுகையும் தொடைகளையும் வாட்டும் அந்தப் பொறுப்பை மகள் ஏற்க, சுக்கானைத் தந்தை பிடித்தார். நான்காம் இடம் கிடைத்தது. பதக்கம் நூலிழையில் தவறிய அந்த முடிவை அவருடைய தங்கங்களுக்குச் சற்றும் குறைவாக நான் மதிப்பதில்லை. 1988இல் சோல் ஒலிம்பிக்கிலும் இருவரும் சேர்ந்தே கலந்துகொண்டார்கள். அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்.

பயிற்சியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவர் அவர். படகின் விளிம்பில் சாய்ந்து அமரும் நிலையைப் பழகுவதற்கென்றே ஒரு பலகை இருக்கையைச் செய்து வைத்திருந்தார். படகு ஓடும் வேகத்திலேயே உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பானையும் உருவாக்கினார். சிறிய பந்தயப் படகுகளில் அது இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.