புதுப்பிப்பு: கியர் ஆயில் மாற்றியாகிவிட்டது, ஆனால் பாதிதான்

ஆட்டோமேட்டிக் காரில் ரிவர்ஸ் போடும்போது இடிக்கிறது, கியர் ஆயிலையும் பில்டரையும் வீட்டிலேயே மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன்.

ஆரல்வாய்மொழிக் காற்றைத்தான் தெரியுமே! கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றும் முன் மண் பறந்து விழாமலிருக்கத் தார்ப்பாய் கட்டவே ஒரு மணி நேரம் போனது. பழைய ஆயில் 3.5 லிட்டர் இறங்கியது. மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) தங்கிவிடுகிறது. அடித்தட்டில் இருக்கும் காந்தத்தில் விபூதியைக் குழைத்ததுபோல் சாம்பல் நிறப் பசை. தேய்மானத் தூள்தான், பயப்படாதே என்று முன்பே சொன்ன அண்ணனுக்கு நன்றி. இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

எனக்கு வியர்த்தது வேறு இடத்தில். பழைய பில்டர் கையோடு வந்தது, அதன் ரப்பர் வளையம் மேலே கியர்பாக்ஸிலேயே ஒட்டிக்கொண்டது. கவனிக்காமல் புதியதைச் செருகியிருந்தால் பம்பு காற்றை இழுத்திருக்கும்.

இறங்கிய அளவே ஊற்றி, எஞ்சின் ஓட ஒவ்வொரு கியராகப் போட்டு, சூடான பிறகு அளவுகோலில் பார்த்தால் இன்னும் கால் லிட்டர் கேட்டது.

பேச்சிப்பாறை வரை ஓட்டிப் பார்த்தேன். காலையில் முதல் ரிவர்ஸில் மட்டும் லேசாக இடிக்கிறது. உள்ளே தங்கிய பழைய ஆயிலும் குறைய, 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி இறக்கி ஊற்றப்போகிறேன். பழைய ஆயில் பெயிண்ட் வாளியில் கிடக்கிறது. நாகர்கோவில் பக்கம் யார் வாங்கிக்கொள்வார்கள்?