‘சின்னர்ஸ்’ படத்தில் கிரேஸ் மீது விழும் பழி நியாயமா?

தெருவிளக்கு (கேள்வி):
ரையன் கூக்லரின் ‘சின்னர்ஸ்’ (2025) படத்தில், 1932-ஆம் ஆண்டு மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் கறுப்பின இரட்டையர் தொடங்கும் கேளிக்கை விடுதியை ஒரே இரவில் இரத்தக்காட்டேரிகள் சூழ்கின்றன. சீன மளிகைக்கடைக்காரர்கள், சாக்டா பழங்குடியினர், வெள்ளைக்காரியாகவே தோற்றமளிக்கும் கலப்பினப் பெண் என்று பலருக்கும் அந்தக் கதையில் இடமிருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அழைக்காமல் காட்டேரி உள்ளே வர முடியாது என்றிருக்க, வாய்விட்டு அழைப்பவள் சீனப் பெண்ணான கிரேஸ். அத்தனை பேரின் அழிவுக்கும் கதவு திறந்த பழி அவள் மீது விழுவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

டெல்டா வாசகர்:
அந்த அழைப்பைத் தனியே பிரித்துப் பார்த்தால் உறுத்தத்தான் செய்யும். முன்னால் வரும் கடைத்தெருக் காட்சியோடு சேர்த்துப் பாருங்கள். கறுப்பர்களுக்கான கடையைக் கணவன் போ கவனிக்கிறான், எதிர்ப்புறம் வெள்ளையருக்கான கடையில் கிரேஸ் நிற்கிறாள். மகள் லிசா தெருவைக் கடந்து தாயிடம் போகும்வரை கேமரா அவள் பின்னாலேயே செல்கிறது. இது வெறும் கற்பனையன்று. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், கிளார்க்ஸ்டேல் அமைந்திருக்கும் மிசிசிப்பி டெல்டா பகுதியின் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த சீனர்கள், கறுப்பின விவசாயிகளுக்கு மளிகை விற்றுத்தான் அங்கே காலூன்றினார்கள். அதே டெல்டாவின் ரோஸ்டேல் ஊரில், மார்த்தா லம் என்ற சீன வம்சாவளிச் சிறுமியை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மறுத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இல் தீர்ப்பளித்தது. கதை நடப்பது அதற்கு ஐந்தே ஆண்டுகளுக்குப் பின். இரு தரப்புக்கும் நடுவே பிழைக்கும் அந்தத் தாயிடம், கணவனைக் காட்டேரியாக்கி அவன் நினைவுகளையும் சேர்த்து விழுங்கிவிட்ட காட்டேரித் தலைவன் ரெம்மிக், அவளுடைய மொழியிலேயே பேசி, மகளைத் தேடிப் போவதாக மிரட்டுகிறான். ஊருக்குள் இருக்கும் பிள்ளையை அவன் நெருங்கும் முன் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் அழைக்கிறாள். அதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது?

தெருவிளக்கு:
நன்றி. அவளுடைய காரணம் எனக்கும் விளங்குகிறது. அப்படியானால், யாருக்காக அவள் எல்லாரையும் பணயம் வைத்தாளோ அந்த லிசாவை அதன்பின் படம் மறந்துவிடுவதுதான் என் குறை.

வேப்பிலை:
இரட்டையரில் ஒருவனான ஸ்மோக்கின் துணைவி ஆனியையும் குறிப்பிட வேண்டும். ஹூடூ அறிந்தவள் அவள். ஹூடூ, வூடூ எனும் கறுப்பின மக்களின் மாந்திரீக, வழிபாட்டு மரபுகள் என்றாலே தீமையின் ஊற்று என்று காட்டிப் பழகிய ஹாலிவுட்டில், வந்திருப்பது இன்னதென்று அடையாளம் கண்டு சொல்பவளும், எல்லாரையும் பூண்டு தின்னவைத்துச் சோதிப்பவளும் அவள்தான். அவள் கட்டிக்கொடுத்த மருந்துப் பைதான் ஸ்மோக்கைக் காக்கிறது. அறிவும் காதலும் இழந்த குழந்தையின் துயரமும் ஒருங்கே உள்ள முழுமையான பெண்ணாக அவளை உன்மி மொசாக்கு நடித்திருக்கிறார்.

மேற்குவெயில்:
கிரேஸைவிட எனக்குக் குறையாகப் படுவது சாக்டா மக்களின் பகுதி. மிசிசிப்பியில் எஞ்சியிருந்த நிலத்தை 1830 ஒப்பந்தத்தில் பறிகொடுத்து, பெரும்பாலோர் மேற்கே துரத்தப்பட்ட பின்னும் சொந்த மண்ணிலேயே தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1847-இல் அயர்லாந்தின் பஞ்சத்துக்குப் பணம் திரட்டி அனுப்பியவர்களும் சாக்டா மக்களே. படத்திலோ ரெம்மிக் என்ற அயர்லாந்துக் காட்டேரியை அவர்கள் துரத்தி வருகிறார்கள். இவ்வளவு கனமான வரலாறு இருந்தும், அவன் புகுந்த வீட்டுக்காரியை எச்சரித்துவிட்டு, பொழுது சாய்வதைக் கண்டு திரும்பிப் போவதோடு அவர்கள் கதை முடிகிறது. காட்டேரியைப் பற்றி எல்லாரையும்விட நன்கறிந்த அவர்களுக்கு, கிரேஸின் குடும்பத்துக்குக் கிடைத்த கடைத்தெருக் காட்சியைப் போல ஒன்றாவது கொடுத்திருக்கலாம்.