எக்ஸ்16 கிராபிக்ஸ் கார்ட், எக்ஸ்8 ஸ்லொட்: எதை வெட்டுவது?

தலவாக்கலைத் தம்பி:
வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ செய்து கொடுக்கிறேன், இவ்வளவு நாளும் ஒரு பழைய லெப்டொப்பில்தான் ஓட்டினேன். போன மாதம் கொழும்பில் ஒரு அலுவலகம் கழித்துவிட்ட டவர் சேர்வர் மலிவாகக் கிடைத்தது. ரேம் 32 ஜிபி, பிரொசசரும் நல்லது. போர்டோடு வருகிற வீடியோவில் ஒரே ஒரு விஜிஏதான், அதில் வீடியோ எடிட்டிங் நகரவே மாட்டேன் என்கிறது. மச்சான் வீட்டில் சும்மா கிடந்த ஜிடி 1030 கார்டைக் கேட்டு வாங்கி வந்து மூடியைத் திறந்தால், நீள எக்ஸ்16 ஸ்லொட் ஒன்றுகூட இல்லை. எக்ஸ்8 இரண்டு, எக்ஸ்4 ஒன்று, மூன்றுக்கும் கடைசியில் பிளாஸ்டிக் சுவர். கார்டின் வால் அந்தச் சுவரில் முட்டி நிற்கிறது.
டவுனில் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் கார்டின் தங்கப் பல்லில் மிச்சமாக இருப்பதை அரிந்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஸ்லொட்டின் சுவரைச் சூடு வைத்து உருக்கச் சொல்கிறார். கார்ட் மச்சானுடையது, போர்ட் போனால் வேறு வாங்கக் கையில் காசில்லை, பரீட்சையும் கிட்ட வந்துவிட்டது. யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதுளை சோல்டர்:
தம்பி, கார்டில் கை வைக்க வேண்டாம். அரிந்தால் உள்ளே இருக்கும் செப்பு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷோர்ட் ஆகலாம், அப்புறம் அந்தக் கார்டே போய்விடும். வெட்டுவதென்றால் ஸ்லொட்டின் சுவரைத்தான். நான் இரண்டு போர்டுகளில் செய்திருக்கிறேன்.
12 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டும் வருகிற முனைகள் எல்லாம் முன்பக்கம், கார்டின் பல்லில் இருக்கும் சின்ன வெட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் டேட்டா லேன்கள், அதாவது டேட்டா போகும் பாதைகள்; எக்ஸ்8, எக்ஸ்16 என்பது அந்த எண்ணிக்கைதான். லேன் குறைந்தாலும் கார்டும் போர்டும் பேசிக்கொண்டு குறைந்த எண்ணிக்கையில் ஓடும், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இந்த ஸ்லொட் வகையை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உங்கள் கார்ட் வேறு பார்க்க எக்ஸ்16, உள்ளே வேலை செய்வது நாலு லேன்தான். அதனால் எக்ஸ்8இல் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.
எக்ஸ்8 ஸ்லொட் 56 மில்லிமீட்டர், எக்ஸ்16 89 மில்லிமீட்டர். அதாவது 33 மில்லிமீட்டர் வால் வெளியே நீளும். அந்த இடத்தில் கெப்பாசிட்டரோ ஹீட்சிங்கோ பட்டரியோ உயரமாக நின்றால் வெட்டியும் பிரயோசனமில்லை. முதலில் அடிமட்டம் வைத்து அதைப் பாருங்கள். போர்டை வெளியே கழற்றி எடுத்து, பட்டரியையும் கழற்றி, ஸ்லொட்டுக்குள் கடதாசியை இறுக்கமாகச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, மெல்லிய ஹெக்ஸோ பிளேட்டைக் கையில் பிடித்து மெதுவாக அறுங்கள். கார்ட் உட்காரும் உள்மட்டத்தோடு நிறுத்த வேண்டும், அதற்குக் கீழே போனால் போர்டின் கோடுகள். சோல்டரிங் அயர்னால் உருக்கினால் பிளாஸ்டிக் வழிந்து கடைசி முனைகளை மூடிவிடும், அதனால் அது வேண்டாம்.

நானுஓயா:
அறுக்கிற விதம் சரிதான், ஆனால் இப்போதே அறுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சேர்வர் போர்ட் இந்தக் கார்டை ஏற்குமா என்று முதலில் தெரிய வேண்டாமா? பிட்கொயின் மாதிரி மைனிங் காலத்தில் வந்த எக்ஸ்1 ரைசர் (கார்டை ஸ்லொட்டுக்கு வெளியே வைத்து யூஎஸ்பி வயரால் இணைக்கும் சின்னப் பலகை) கொழும்பு யூனிட்டி பிளாசா கம்ப்யூட்டர் கடைகள் பக்கம் மலிவாகக் கிடைக்கும், பஸ் பார்சலில் போடச் சொல்லலாம். அதன் சின்னப் பல் எந்த ஸ்லொட்டிலும் இறங்கும். ரைசருக்குக் கரண்டை மொலெக்ஸ் வயரில் கொடுங்கள். அதில் படம் வந்தால் மட்டும் பிளேட்டை எடுங்கள்.
இன்னொன்று, யாரும் இதைச் சொல்லவில்லை. 75 வாட் என்பது கிராபிக்ஸுக்கென்று வைத்த எக்ஸ்16 ஸ்லொட்டின் கணக்கு. எக்ஸ்8, எக்ஸ்4 ஸ்லொட்டுகளுக்கு விதிப்படி 25 வாட்தான். ஜிடி 1030இன் மெமரி ஜிடிடிஆர்5 என்றால் 30 வாட், டிடிஆர்4 என்றால் 20. பெட்டியில் எது என்று பாருங்கள். 30 என்றால் பல போர்டுகள் தாங்கும், ஆனாலும் மணிக்கணக்காக ரெண்டர் போடும்போது ஸ்லொட் பக்கம் கை வைத்துச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் வேலை வீடியோ என்பதால் இதையும் சொல்கிறேன்: ஜிடி 1030இல் என்விடியாவின் வீடியோ என்கோடர், அதாவது எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும் பகுதி, இல்லை. எக்ஸ்போர்ட்டில் வீடியோவை என்கோட் பண்ணுவது முழுவதும் பிரொசசர்தான். எடிட் பண்ணும்போது படம் ஓடுவதும் இரண்டு மொனிட்டரும்தான் லாபம். பிறகு காசு சேர்ந்தால் குவாட்ரோ பி400 கார்டைப் பாருங்கள், அதுவும் 30 வாட்தான், என்கோடர் இருக்கிறது.

தலவாக்கலைத் தம்பி:
இரண்டு அண்ணாமாருக்கும் பெரிய நன்றி. கார்ட் ஜிடிடிஆர்5. ரைசர் நேற்று வந்தது. போட்டேன், விசிறி சுற்றுகிறது, படம் இல்லை. விஜிஏயில் மட்டும் வருகிறது, விண்டோஸிலும் கார்டைக் காணவில்லை. நல்ல வேளை, எதையும் அறுக்கவில்லை.

நானுஓயா:
பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்கில்) போர்டின் உள்வீடியோவை நிறுத்தும் இடம் இருக்கும், அல்லது எந்த வீடியோ முதலில் என்று கேட்கும். விண்டோஸில்கூடக் காணவில்லை என்றால் அதற்கு முன் ரைசரின் யூஎஸ்பி வயரை மாற்றிப் பாருங்கள், அந்த வயர்கள் அடிக்கடி காலை வாரும்.

பதுளை சோல்டர்:
வயர் மாற்றியும் வராவிட்டால் கார்ட் இருப்பதைக் காட்டும் முனைதான் சந்தேகம். பல்லின் ஒரு பக்க முனைகள் ஏ வரிசை, மறுபக்கம் பி வரிசை. ஏ1 முனையும் பி வரிசையில் ஒரு முனையும் கார்டுக்குள் இணைந்திருக்கும், அதை வைத்துத்தான் ஸ்லொட்டில் ஏதோ இருக்கிறது என்று போர்ட் அறியும். எக்ஸ்16 கார்டில் அது கடைசியில் பி81இல் இருக்கலாம், எக்ஸ்8 ஸ்லொட்டில் அந்த இடமே இல்லை. வீட்டு போர்டுகள் பெரும்பாலும் இதைக் கவனிக்காது, சில சேர்வர்கள் கவனிக்கும். அப்படியென்றால் ஏ1ஐயும் பி17ஐயும் மெல்லிய வயரால் இணைக்க வேண்டிவரும். அது கண்ணுக்கு வேலை, நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம், பதுளைக்குக் கொண்டு வாருங்கள், நான் செய்து தருகிறேன்.

தலவாக்கலைத் தம்பி:
வயர்தான் அண்ணா! வேறு யூஎஸ்பி 3 வயர் போட்டதும் விண்டோஸில் கார்ட் வந்துவிட்டது. பயோஸில் உள்வீடியோவை நிறுத்தினேன், எச்டிஎம்ஐயில் படம். அதற்குப் பிறகுதான் ஞாயிறு காலையில் போர்டைக் கழற்றினேன். பின்னால் இருந்த ஹீட்சிங் தாழ்வானது, வால் அதற்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியோடு போகிறது, இருந்தாலும் அந்த இடத்தில் சூடு தாங்கும் கெப்டன் டேப் ஒட்டினேன். அறுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. இப்போது எக்ஸ்8 ஸ்லொட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறது, கார்டின் விபரம் காட்டும் ஜிபியூ-இசட் மென்பொருளில் எக்ஸ்4 என்று காட்டுகிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஸ்லொட்டைத் தொட்டேன், வெதுவெதுப்புத்தான். மச்சானின் கார்டில் ஒரு கீறல்கூட இல்லை.