மறு: ரேஷியோ டெசிடென்டி – ‘தீர்ப்புக் காரணம்’ வேண்டாமே

அன்புள்ள குழுவினர்க்கு,

ரேஷியோ டெசிடென்டி என்ற சட்டச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். ஒரு தீர்ப்பில் பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு அந்தப் பெயர்.

> ரேஷியோ டெசிடென்டிக்குத் ‘தீர்ப்புக் காரணம்’ போதும். லத்தீனிலும் அதுதானே பொருள்?

லத்தீனுக்கு நேர்தான் ஐயா. ஆனால் ‘காரணம்’ என்றதும் நீதிபதி அடுக்கிய காரணங்கள் அத்தனையும் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். முந்தைய தீர்ப்புகளையே சட்டமாகப் பின்பற்றும் ஆங்கிலேய முறையான காமன் லாவில் அப்படியில்லை. தீர்ப்பு நூறு பக்கம் இருந்தாலும், பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது அந்த வழக்கை முடிக்கத் தேவைப்பட்ட சட்டக் கோட்பாடு மட்டுமே. மற்றவை ஓபிட்டர், அதாவது போகிறபோக்கில் சொன்னவை; மேற்கோள் காட்டலாம், கட்டுப்படுத்தாது. (‘பொதுச் சட்டம்’ என்றால் அரசு தொடர்பான சட்டமான பப்ளிக் லாவோடு குழம்பும் என்பதால் ‘காமன் லா’வை அப்படியே விட்டிருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.)

டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கைப் பாருங்கள். 1928 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில், தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரை டோனஹ்யூ குடித்தார். உள்ளிருப்பது தெரியாத கருநிறப் புட்டி. மிச்சத்தைக் கவிழ்த்தபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் முறையீடு. காசு கொடுத்தவர் அவரல்லர் என்பதால் ஒப்பந்தம் சொல்லி வழக்காட வழியில்லை. ஆனாலும் அருந்துபவரிடம் தயாரிப்பாளரான ஸ்டீவன்சனுக்குக் கவனக் கடமை, அதாவது கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, உண்டு என்று 1932இல் அன்றைய பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை 3க்கு 2 என்ற கணக்கில் தீர்த்தது. புட்டியில் நத்தை இருந்ததா என்று கடைசிவரை விசாரிக்கவே இல்லை! சட்டக் கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தது. நாடாளுமன்றம் ஒரு வரிகூட எழுதாமல் ஒரு சட்டம் பிறந்துவிட்டது.

அடுத்து, அன்று ஆஸ்திரேலிய மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த ப்ரிவி கவுன்சில் 1935இல் ஒரு வழக்கைத் தீர்த்தது. கம்பளி உள்ளாடையில் தங்கிய சல்ஃபைட்டால் கிராண்ட் என்பவருக்குத் தோல் அழற்சி. வயிற்றுக்குள் போவதற்கும் உடம்பில் படுவதற்கும் இதில் வேறுபாடில்லை என்றது கவுன்சில். நத்தை வழக்கில் கிடைத்த கோட்பாடு உள்ளாடைக்கும் நீண்டது.

> ‘தீர்ப்பு நெறி’ எனலாமே?

நெறி என்றால் முன்பே வகுத்து முடித்தது போலிருக்கிறது. ரேஷியோவுக்குத் தீர்ப்பில் யாரும் தலைப்பிட்டு வைப்பதில்லை. பின்னால் வரும் நீதிபதிதான் தேடி எடுக்கிறார்; அவரே விரிக்கிறார், சுருக்குகிறார். அதனால் ‘தீர்ப்புக் கரு’ என்கிறேன். மையம், வளரப்போகும் உயிர் என்ற இரண்டு பொருளும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. ‘இத்தீர்ப்பின் கரு யாது?’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இயல்பாக வருகிறது.

ஓபிட்டருக்குப் ‘புறவுரை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதே தீர்ப்புக்குள் இருப்பதைப் ‘புறம்’ என்பது உறுத்துகிறது. ‘இடையுரை’ பொருந்துமா? நீதிமன்றத்தில் வாதாடுகிறவர்கள் சொல்லுங்கள்.